தவறி விழாதவர்

“கிணற்றைத் தூர் வாரும்போது கால் தவறி விழுந்து…” என்று ஏட்டு சொல்லிக்கொண்டே போனார். ஜெனிதா ‘தூர் வாரும்போது’ வரைக்கும் எழுதிவிட்டுப் பேனாவை நிறுத்தினாள்.

சவக்கிடங்குக்கு எதிரே யாரோ நிறுத்திவிட்டுப் போயிருந்த ஸ்கூட்டர் சீட்டின் மேல் காகிதத்தை வைத்து எழுதிக்கொண்டிருந்தாள். வெயிலில் சீட் சுட்டது. மணி இரண்டு. உள்ளே அவளுடைய மாமனார் சுப்பராயன் கிடந்தார். காலை பத்தேகாலுக்கு ராஜா அண்ணாமலைபுரத்தில் ‘சாகரிகா’ அடுக்ககத்தின் மழைநீர்க் கிணற்றில் இறங்கியவர் பத்தரைக்கு உயிரோடு இல்லை.

“எழுதும்மா. கீழே, ‘இதில் எங்களுக்கு யார் மேலும் சந்தேகம் இல்லை’ன்னு ஒரு வரி. கையெழுத்துப் போட்டுட்டா காலையில பாடி உங்க கைக்கு வந்துரும்.”

ஏட்டு கெட்டவராகத் தெரியவில்லை. வந்ததும் முதலில் அவள் மாமியார் குப்பம்மாவை நிழலில் உட்காரவைத்தவர் அவர்தான். இதுபோல நூறு மனுவைச் சொல்லி எழுதவைத்த பழக்கம் அவர் குரலில் இருந்தது. அடுத்த வார்த்தை எது என்று யோசிக்க வேண்டிய அவசியமே அவருக்கு இல்லை.

“கால் தவறி விழலை சார்” என்றாள் ஜெனிதா. “உள்ள சாக்கடைத் தண்ணி விட்டிருந்தாங்க. கேஸ் அடிச்சு செத்துப்போனார்.”

ஏட்டு சுற்றிலும் பார்த்தார். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னார். கழிவுநீர் என்று ஒரு வார்த்தை மனுவில் வந்துவிட்டால் கேஸ் வேறு மாதிரி போய்விடும். மனிதனைச் சாக்கடையில் இறக்கியதற்குத் தனிச் சட்டம் இருக்கிறது. இன்ஸ்பெக்டர் வரவேண்டும், இடத்தைப் பார்க்கவேண்டும், அசோசியேஷன்காரர்களை ஸ்டேஷனுக்குக் கூப்பிடவேண்டும். பாடி கிடைக்க நாளாகும். எல்லாவற்றையும் அவளுடைய நன்மைக்காகச் சொல்வதுபோலவே சொல்லிவிட்டு, யோசித்துக்கொள் என்று டீ குடிக்கப் போனார்.

மனு கொடுக்கவேண்டியவன் அவளுடைய கணவன் பிரபு. அவனால் பேனாவைப் பிடிக்க முடியவில்லை. சுவரோரமாகக் கால்களை நீட்டி உட்கார்ந்திருந்தான். இரண்டு உள்ளங்கையிலும் கயிறு உரித்த தோல் சுருண்டிருந்தது. அப்பா விழுந்ததைப் பார்த்து அவனும் இறங்கியிருக்கிறான். நாலாவது சிமெண்டு உறைக்குப் போவதற்குள் கண் இருட்டியிருக்கிறது. இடுப்பில் கட்டியிருந்த கயிற்றைப் பிடித்து வாட்ச்மேன் அக்பர் பாஷா ஒற்றை ஆளாக இழுத்துப் போட்டிருக்காவிட்டால் உள்ளே இன்னொரு உடல் கிடந்திருக்கும். காலையிலிருந்து அவன் ஒரே வாக்கியத்தைத்தான் சொல்லிக்கொண்டிருந்தான்.

“வெளக்கு எரிஞ்சுது ஜெனி. நல்லாத்தான் எரிஞ்சுது.”

சுப்பராயன் எந்தக் கிணற்றிலும் விளக்கை இறக்கிப் பார்க்காமல் இறங்கியதில்லை. ஒரு பக்கெட்டில் அகல் விளக்கை வைத்துக் கயிற்றில் அடி வரைக்கும் விடுவார். அணைந்தால் அன்றைக்கு வேலை இல்லை. இன்று அணையவில்லை. ஆனால் இலைச் சருகும் மணலும் இருக்கவேண்டிய இடத்தில் கறுப்பாக, கூழ்போல, முட்டி அளவு சேறு இருந்திருக்கிறது. அவர் மண்வெட்டியை அதில் ஒருதரம்தான் போட்டார். அதற்குள் அடங்கிக் கிடந்த கேஸ் மேலே வந்துவிட்டது. “எடுறா” என்று சத்தம் கேட்டதாகப் பிரபு சொன்னான். கயிற்றை எடுக்கச் சொன்னாரா, தன்னை எடுக்கச் சொன்னாரா என்று அவனுக்குத் தெரியவில்லை.

மருத்துவமனையின் வேப்பமரத்தடியிலிருந்து குப்பம்மா கூப்பிட்டாள். மாமியார் இதுவரை அழவில்லை. மடியில் அவருடைய சட்டையை நாலாக மடித்து வைத்திருந்தாள்.

“இன்னா எழுதச் சொல்றான் அந்த ஆளு?”

“கால் தவறி விழுந்துட்டாருன்னு எழுதணுமாம் அத்தே.”

“யாரு? இவரா?”

குப்பம்மா மடியிலிருந்த சட்டையின் காலர் பட்டனைப் போட்டாள், கழற்றினாள்.

“முப்பத்தாறு வருசமா நானு பாக்குறேன். ஜொரத்தோட எறங்கிக்கீறாரு. மழை ஊத்திக்கினு கீறப்ப எறங்கிக்கீறாரு. பாசி புடிச்ச உறையில வெறுங்காலோட ஏறி வருவாரு. ஒரு தபா தவறினாருன்னு எவனாச்சும் சொல்லட்டும் பாக்கலாம். ஆளையும் கொன்னுட்டு, வேலை தெரியாதவன்னும் எழுதுவாங்களா? அப்டி எழுதாத.”

வேலை தெரியாதவன் என்ற சொல்தான் ஜெனிதாவின் நெஞ்சிலும் போய்க் குத்தியது. மயிலாப்பூரிலிருந்து அடையாறு வரைக்கும் எந்தத் தெருவில் எத்தனை அடிக்கு மணல், எங்கே களிமண் குறுக்கிடும், எங்கே தோண்டினால் உப்பு ஏறும் என்று அவருக்குத் தெரியும். படித்துத் தெரிந்துகொண்டதில்லை. ஒரு பிடி மண்ணை எடுத்துக் கசக்கி, முகர்ந்து, நாக்கு நுனியில் வைத்துப் பார்ப்பார். ஊரே லாரித் தண்ணீருக்குக் குடத்தோடு நின்ற அந்தக் கோடையில், அவர் இறக்கிய உறைக்கிணறுகள் இருந்த வீடுகளில் மட்டும் மோட்டார் ஓடியது. அதற்குப் பிறகுதான் கார் வைத்திருப்பவர்கள் பட்டினப்பாக்கத்துச் சந்துக்குள் அவரைத் தேடி வந்தார்கள். அவர் போகிற வீட்டிலெல்லாம் ஒரு மணி நேரம் பேசுவார். மாடித் தண்ணீரைத் தெருவில் விடாதீர்கள், காங்கிரீட் போட்டு மண்ணின் வாயை அடைக்காதீர்கள், போர் போட்டு உறிஞ்சுகிறவன் திருப்பியும் கொடுக்கவேண்டும். கேட்கிற வரைக்கும் சொல்வார். கேட்காவிட்டால் அடுத்த மழைக்கு முன்னால் மறுபடி போய்ச் சொல்வார்.

அவருக்கு எழுதத் தெரியாது. கல்யாணமாகி வந்த இரண்டாம் மாதமே ஜெனிதாவிடம் அட்டைகளைக் கொண்டுவந்து கொடுத்தார். தியாகராய நகர் ஜவுளிக்கடையில் பில் போடும் வேலையிலிருந்து அவள் திரும்பியதும், அவர் சொல்லச் சொல்ல எழுதுவாள். மழைக்கு முன்னால் மாடியைக் கூட்டு. வடிகட்டித் தொட்டியில் ஜல்லியை எடுத்துக் கழுவு. கடைசி வரி எப்போதும் ஒன்றுதான்: கிணற்றுக்குள் மழைத்தண்ணீர் தவிர வேறு எதுவும் வரக் கூடாது. ஒவ்வொரு வீட்டிலும் மீட்டர் பெட்டிக்குள் அந்த அட்டையை ஒட்டிவிட்டு வருவார். சர்ச்சுக்குப் போகிற பெண்ணை மகன் கட்டிக்கொண்டு வந்தபோது தெருவே பேசியது. அவர் ஒரு குறையும் சொன்னதில்லை. “எங்க வூட்டுக்கு இப்பத்தான் ஒரு கையெழுத்து வந்துகீது” என்று எல்லாரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தார்.

மழைநீர் நண்பர்கள் என்ற குழுவை நடத்துகிற நீரஜா மேடம் போன வருஷம் ஒரு சபாவில் அவருக்குச் சால்வை போட்டார். மேடையில் ஐந்து நாற்காலி. நிபுணர்கள் ஐந்து பேரும் உட்கார்ந்தார்கள். அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டபோது ஏறி, சால்வையை வாங்கிக்கொண்டு இறங்கினார். படம் போட்டு ஒரு மணி நேரம் விளக்கம் சொன்னார்கள். அதில் பாதி, அவர் ஜெனிதாவை எழுதச் சொன்ன அதே வரிகள்.

சாகரிகாவிலிருந்து போன் வந்தது மூன்று வாரத்துக்கு முன்னால். தரைத்தொட்டித் தண்ணீர் நாறுகிறது என்றார்கள். அவர் போய்க் கிணற்று மூடியைத் திறந்து மண்டியிட்டு முகர்ந்துவிட்டு வந்தார். அன்று மாலை வீட்டில் உட்கார்ந்து, ஜெனிதாவின் கண் முன்னால்தான், அசோசியேஷன் செயலாளருக்கும் நீரஜா மேடத்துக்கும் வாட்ஸ்அப்பில் குரல் செய்தி அனுப்பினார். சாக்கடைச் சேம்பர் நிரம்பி வழியாமல் இருக்க யாரோ அதிலிருந்து கிணற்றுக்குப் பைப் போட்டிருக்கிறார்கள், முதலில் அதை வெட்டி எறியுங்கள், கிணற்றை ஒரு வாரம் திறந்து போடுங்கள், அதற்குள் யாரையும் இறக்காதீர்கள், இது மனிதன் இறங்குகிற இடம் இல்லை. இரண்டு நிமிடத்துக்கு மேல் பேசினார். நீல நிறத்தில் இரண்டு டிக் விழுந்ததை ஜெனிதா பார்த்தாள்.

முந்தாநாள் செயலாளர் கூப்பிட்டார். லைனை வெட்டியாகிவிட்டது, வந்து தூர் வாருங்கள். நேற்று நீரஜா மேடமும் கூப்பிட்டார். பள்ளிக்கூடப் பிள்ளைகள் நாற்பது பேர் நாளைக்குப் பதினோரு மணிக்குக் கிணற்றைப் பார்க்க வருகிறார்கள், நம்ப சுப்பராயன்தான் விளக்கம் சொல்லவேண்டும், அதற்குள் சுத்தமாகிவிடுமா. பிள்ளைகள் என்றதும் மனிதர் மறுபேச்சுப் பேசவில்லை. வெளிச்சம் காட்டிப் பார்க்கவேண்டும் என்று போனையும் இடுப்பில் செருகிக்கொண்டு இறங்கினார். அது இப்போது சேற்றுக்குள் கிடக்கிறது. பதினோரு மணிக்குப் பிள்ளைகளின் வேன் வந்து, கேட்டுக்கு வெளியிலேயே திருப்பி அனுப்பப்பட்டது.

நீரஜா மேடமும் செயலாளர் மாணிக்கவாசகமும் இரண்டரை மணிக்கு ஒரே காரில் வந்தார்கள். நீரஜா குப்பம்மாவின் பக்கத்தில் போய்க் குந்தி, கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். அது பொய் அழுகை இல்லை என்று ஜெனிதாவுக்குத் தெரிந்தது. குப்பம்மா கையை விடுவித்துக்கொள்ளவும் இல்லை, அழவும் இல்லை. பிறகு நீரஜா ஜெனிதாவைத் தனியாகச் சுவர் ஓரம் அழைத்துப் போனார். கையில் திறக்காத தண்ணீர் பாட்டில் இருந்தது.

“நான் சொல்றதைத் தப்பா எடுத்துக்காதே ஜெனிதா. எங்காத்துக் கிணறும் அவர் பண்ணினதுதான். அவரைப் பத்தி நான் உனக்குச் சொல்லணுமா? இப்போ கிணத்துல விஷவாயு, ஆள் செத்துட்டார்னு பேப்பர்ல வந்துதுன்னு வெச்சுக்கோ. நாளைக்கே அவா அவா கிணத்துல மண்ணைக் கொட்டி மூடிடுவா. கார்ப்பரேஷன்லேர்ந்து சீல் வெப்பா. இருபது வருஷம் அவர் வீடு வீடாப் போய்ண்டு இருந்தாரே, அத்தனையும் போயிடும். அவருக்கு அதுவா வேணும்?”

மேடம் சொல்வது நிஜம் என்று ஜெனிதாவுக்குத் தெரியும். கிணற்றை மூடுகிறேன் என்று யாராவது சொன்னால் அவர் அந்த வீட்டுக்கு நாலு நடை நடப்பார். ஒருமுறை மந்தைவெளியில் கார் நிறுத்த இடம் வேண்டுமென்று கிணற்று வாயில் காங்கிரீட் பலகையைப் போட்டபோது இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. அவரையே கூப்பிட்டு இப்போது கேட்டால், வுடும்மா, எதையாவது எழுதிக் குடு, கெணத்த மூடாம கீறாங்களா பாரு என்றுகூடச் சொல்லுவார். அதை நினைக்க நினைக்க அவளுக்கு ஆத்திரம் ஏறியது. அந்த மனிதனின் நல்ல குணத்தை எடுத்தே அந்த மனிதனின் சாவை மூடப் பார்க்கிறார்கள்.

“மூணு வாரம் முன்னாடி மாமா ஒரு வாய்ஸ் மெசேஜ் அனுப்பினாரே மேடம். கேட்டீங்களா?”

நீரஜா பாட்டில் மூடியைத் திறந்தார். மறுபடி மூடினார்.

“கேட்டுட்டுத்தான நேத்து போன் பண்ணீங்க?”

“வெட்டியாச்சுன்னு இவர் சொன்னாரே…” என்று நீரஜா மாணிக்கவாசகத்தின் பக்கம் பார்த்தார்.

மாணிக்கவாசகம் ஓய்வு பெற்ற அதிகாரி. இத்தனை நேரமும் போனில் யாருக்கோ மெதுவாகப் பதில் சொல்லிக்கொண்டிருந்தவர் இப்போது வந்தார். பைப்பை அன்றைக்கே வெட்டியாகிவிட்டது, அடியில் பழைய கசடு கொஞ்சம் தங்கியிருக்கலாம், வயசான மனுஷன், மூச்சு அடைத்திருக்கும் என்றார். அசோசியேஷன் குடும்பத்தைக் கைவிடாது என்றார். பிறகு, அவரே அறியாமல், இன்னொன்றையும் சொன்னார்.

“குழந்தைங்க விளையாடற இடம் பாருங்க. சேஃப்டிக்காக இப்பவே ஆள் விட்டு எல்லாத்தையும் சரி பண்ணச் சொல்லியிருக்கேன்.”

எல்லாத்தையும் என்றால் எதை என்று ஜெனிதா கேட்கவில்லை. எழுதிய காகிதத்தை மடித்துக் கைப்பையில் வைத்தாள். பிரபுவின் முன்னால் குந்தி, அத்தையைப் பார்த்துக்கொள், ஒரு மணி நேரத்தில் வருகிறேன் என்றாள். அவன் அவளையே பார்த்தான். வெளியே வந்து ஆட்டோ பிடித்தாள்.

சாகரிகாவின் கேட் திறந்தே கிடந்தது. பின்பக்கம் கிணற்றுமேட்டில் ஒரு கொத்தனார் குந்தியிருந்தார். கிணற்றின் மேல் உறையில், ஒரு கை நுழைகிற அளவு வட்டத்தில் புதுச் சிமெண்டு ஈரமாக மின்னியது. அதற்கும் நாலடி தள்ளியிருந்த சாக்கடைச் சேம்பருக்கும் நடுவே மண் கீறப்பட்டு, மூடப்பட்டு, தண்ணீர் தெளித்து மிதிக்கப்பட்டிருந்தது. சேம்பர் பக்கத்து ஓட்டை இன்னும் பூசப்படாமல் வாயைத் திறந்துகொண்டு இருந்தது. காற்று அசையாத அந்த மூலையில் நாற்றம் தொண்டையைப் பிடித்தது. மூன்றாம் மாடிப் பால்கனியிலிருந்து ஒரு குரல், சீக்கிரம் மூடித்தொலைங்கப்பா, ஜன்னல் திறக்க முடியலை என்றது.

“வேலைய நிறுத்துங்கண்ணே” என்றாள்.

செயலாளர் சொல்லித்தான் செய்கிறேன் என்றார் கொத்தனார், அவளைப் பார்க்காமலே.

“உள்ள செத்தவரு எங்க மாமனார்.”

கொத்தனார் கரண்டியைக் கீழே வைத்தார். எழுந்து நின்று, சிமெண்டு அப்பிய கைகளை எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றார். பிறகு செருப்பை மாட்டிக்கொண்டு, சட்டியைக்கூட எடுக்காமல், கேட்டைத் தாண்டிப் போய்விட்டார்.

ஜெனிதா போனில் ஓட்டையைப் படம் எடுத்தாள். ஈரச் சிமெண்டை எடுத்தாள். மிதித்த மண்ணை எடுத்தாள். இரண்டு படம் மங்கலாக விழுந்தன. மறுபடி எடுத்தாள். ஜெனரேட்டர் கொட்டகைக்குப் பின்னாலிருந்து அக்பர் பாஷா வந்தார். அவருக்கு அறுபதுக்கு மேல் இருக்கும். காலையில் கயிற்றை இழுத்த தோளைப் பிடித்துக்கொண்டே நடந்தார். மற்றொரு கையில் நாலடி நீளத்துக்கு ஒரு பிவிசி பைப். உள்பக்கம் கறுத்து, ஒரு முனையில் நனைந்த சாக்குத்துணி இன்னும் அடைத்திருந்தது.

“வெட்டலம்மா. துணியத் திணிச்சு வெச்சாங்க. நான் பாத்தேன். போட்டப்பவும் பாத்தேன், ஆடி மாசம். இன்னிக்கி ஒரு மணிக்குத்தான் புடுங்கினாங்க. குப்பை வண்டில போட்டுருன்னு சொன்னாரு. நான் போடல.”

“இதைப் போலீஸ்ல சொல்லுவீங்களா பாய்?”

அவர் பைப்பைச் சுவரில் சாய்த்து வைத்துவிட்டு, தோளைத் தேய்த்தார். வீட்டில் மனைவி அமீனா பீ படுத்த படுக்கையாக இருக்கிறாள், இந்த வேலைதான் இருக்கிறது என்றார். பிறகு கிணற்றுப் பக்கம் திரும்பினார்.

“காலைல எறங்குறதுக்கு முன்னாடி எனக்கு டீ வாங்கிக் குடுத்தாரும்மா. துணியப் பத்தி அப்பவே நான் சொல்லிருக்கணும். வாய் வரைக்கும் வந்துச்சு. செக்ரட்டரி பக்கத்துலயே நின்னுக்கினு இருந்தாரு.” அவர் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. “எம்பேரு எழுதிக்கோ. அக்பர் பாஷா, வாட்ச்மேன். வந்து சொல்றேன்.”

அவரைத் திட்ட வந்த வாயை ஜெனிதா அடக்கிக்கொண்டாள். கிணற்று மேட்டிலேயே, புதுச் சிமெண்டுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, கைப்பையின் மேல் காகிதத்தை வைத்து முதலிலிருந்து எழுதினாள். என் மாமனார் சுப்பராயன் முப்பத்தாறு ஆண்டுகளாக உறைக்கிணறு வேலை செய்தவர். அவர் கால் தவறி விழவில்லை. மழைத்தண்ணீர் தவிர வேறு எதுவும் வரக் கூடாத கிணற்றில் சாக்கடைக் குழாயை இணைத்தவர்கள், அதை வெட்டிவிட்டதாகப் பொய் சொல்லி அவரை இறக்கினார்கள். பைப்பை இன்று மதியம் ஒரு மணிக்கு எடுத்தார்கள். அதை வைத்திருப்பவர் சாட்சி. தேதி, மணி, பெயர்கள். அட்டைகளில் எழுதுகிற அதே குண்டு எழுத்து. ஓர் இடத்தில்கூட அடித்தல் இல்லை. எழுதி முடிக்கும்வரை யாரும் இறங்கி வரவில்லை. பால்கனிகளில் நின்றார்கள், உள்ளே போனார்கள், மறுபடி வந்து நின்றார்கள்.

மாணிக்கவாசகத்தின் கார் உள்ளே வந்தபோது அவள் எழுந்திருக்கவில்லை. அவர் முதலில் அதட்டினார். பிறகு, அத்துமீறி உள்ளே வந்திருக்கிறாய் என்றார். பிறகு அக்பர் பாஷாவைப் பார்த்து, நாளையிலிருந்து வரவேண்டாம் என்றார். நீரஜா காரை விட்டு இறங்கி, சுவரில் சாய்ந்திருந்த பைப்பைப் பார்த்தார். அதன் முனையிலிருந்த சாக்குத்துணியைப் பார்த்தார். ஏதோ சொல்வார் என்று ஜெனிதா அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் திரும்பிப் போய், காரில் உட்கார்ந்து கதவைச் சாத்திக்கொண்டார்.

ஏட்டுக்கு ஜெனிதா போன் செய்தாள். எஸ்.ஐ. ஒருவரையும் அழைத்துக்கொண்டு அவர் ஐந்து மணிக்கு வந்தார். மனுவை நின்றபடியே படித்தார். ஒருதரம் அவளை நிமிர்ந்து பார்த்தார். “இதுதான் குடுக்கப் போறியா?” என்றார். இதுதான் என்றாள். அவர் பைப்பை ஒரு கோணியில் சுற்றி ஜீப்பில் போட்டார். எஸ்.ஐ. கிணற்றைச் சுற்றிக் கயிறு கட்டச் சொன்னார். விசாரித்துத்தான் மற்றதெல்லாம் என்றார். மாணிக்கவாசகத்தை ஜீப்பில் ஏற்றவில்லை. அவர் தன்னுடைய காரிலேயே ஸ்டேஷனுக்குப் போனார்.

நீரஜா மேடம் சொன்னதும் நடந்தது. மறுநாள் காலை பத்திரிகையில் நாலு வரிச் செய்தி வந்தது. ‘மழைநீர்க் கிணற்றில் விஷவாயு தாக்கித் தொழிலாளி பலி.’ சாக்கடை என்ற சொல் அதில் இல்லை. ஒன்பது மணிக்குள் பிரபுவின் போனுக்கு மூன்று வீடுகளிலிருந்து அழைப்பு. கிணற்றை மூட எவ்வளவு மணல் வேண்டியிருக்கும், ஆள் கிடைக்குமா. பிரபு போனை அவளிடம் கொடுத்துவிட்டான். ஜெனிதா மூன்று பேருக்கும் ஒரே பதில் சொன்னாள். மீட்டர் பெட்டியைத் திறந்து அட்டையின் கடைசி வரியைப் படியுங்கள். அந்தத் தப்பை நீங்கள் செய்யவில்லை என்றால் உங்கள் கிணறு யாரையும் கொல்லாது. ஒருவர் சரி என்றார். ஒருவர் யோசிக்கிறேன் என்றார். ஒருவர் பேசிக்கொண்டிருக்கும்போதே வைத்துவிட்டார்.

ஏட்டு சொன்னதுபோல நாளாகவில்லை; உடல் பதினோரு மணிக்கே வந்தது. கழுத்து முதல் கணுக்கால் வரை வெள்ளைத் துணி சுற்றிக் கட்டியிருந்தார்கள். சந்துக்குள் வண்டி நுழையாததால் தூக்கிக்கொண்டு வந்து வாசலில் பெஞ்சில் கிடத்தினார்கள். மேளக்காரர்கள் மேளத்தின் தோலைத் தீயில் சூடுகாட்டிக்கொண்டிருந்தார்கள். ஜெனிதாவின் தம்பி ஏசுராஜும் அவன் கூட்டாளிகளும் கடலுக்குப் போகாமல் வந்து பந்தல் கட்டியிருந்தார்கள். மதியத்துக்குள் எடுத்துவிடவேண்டும் என்று பெரியவர்கள் அவசரப்படுத்தினார்கள். தலையில் மட்டும் தண்ணீர் விட்டால் போதும், உடம்பில் தையல் இருக்கிறது என்றார்கள்.

குப்பம்மா துணிக்குள்ளிருந்து அவருடைய வலது கையை வெளியே எடுத்தாள். விரித்துப் பார்த்தாள். நகங்களுக்குள் கறுப்பாக இருந்தது. மருத்துவமனையில் யாரும் அதைக் கழுவவில்லை.

“ஒரு ஈர்க்குச்சி குடு” என்றாள்.

ஜெனிதா துடைப்பத்திலிருந்து புதுக் குச்சி இரண்டு உருவினாள். ஒரு செம்பில் தண்ணீரும், குளிக்கிற சோப்பும் கொண்டுவந்தாள். குப்பம்மா தரையில் உட்கார்ந்து, கட்டை விரலில் ஆரம்பித்தாள். குச்சியின் நுனியால் மெல்ல எடுத்து, தண்ணீரில் அலசி, தன் முந்தானையில் துடைத்தாள். பிறகு ஆள்காட்டி விரல். ஜெனிதா எதிர்ப்பக்கம் உட்கார்ந்து இடது கையை எடுத்துக்கொண்டாள். கை விறைத்துப்போய் இருந்தது. நாற்றம் இன்னும் இருந்தது.

பெரியவர் ஒருவர் நேரமாகிறது என்றார். பிரபு அவரைப் பார்த்த பார்வையில் அவர் பந்தல் ஓரத்துக்கு நகர்ந்தார்.

கூட்டத்தை விலக்கிக்கொண்டு யாரோ வந்து நிற்பது தெரிந்தது. பருத்திப் புடவை, வெறுங்கால். நீரஜா. கையில் மாலை எதுவும் இல்லை. குழுவிலிருந்து யாரும் கூட வரவில்லை. அவர் குனிந்து, ஜெனிதாவின் காதுக்கு மட்டும் கேட்கிற மாதிரி சொன்னார்.

“அந்த வாய்ஸ் மெசேஜை ஸ்டேஷன்ல குடுத்துட்டேன். நானே நேர்ல போனேன். நான் கேட்டேன்கிறதையும் சொல்லிட்டேன்.”

ஜெனிதா நடுவிரல் நகத்தில் இருந்தாள். ஒரு ஓரத்தில் இறுகிப் பிடித்திருந்ததை எடுக்க வரவில்லை.

“கொஞ்சம் தள்ளி நில்லுங்க மேடம். வெளிச்சம் மறைக்குது.”

நீரஜா தள்ளி நின்றார். விரல்மேல் வெயில் விழுந்தது. செம்புத் தண்ணீர் கறுத்துவிட்டிருந்தது. பிரபு வந்து அதை எடுத்துப்போய்ச் சாக்கடையில் கொட்டிவிட்டு, வேறு தண்ணீர் கொண்டுவந்து வைத்தான். மேளக்காரர்கள் குச்சியைக் கையில் வைத்துக்கொண்டு காத்திருந்தார்கள். இன்னும் நாலு விரல் இருந்தது.